கொங்கு நாட்டு ஆறுகள் பிறக்கும் இடத்தில் ஏன் கோயில் இல்லை?

கோவையில் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "தலைக்காவிரியில் குளம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஐப்பசி பிறக்கும்போது கூட்டம் கூட்டமாகப் போய்க் குளிக்கிறார்கள். நம்ம நொய்யல், பவானி, அமராவதி பிறக்கிற இடத்தில் அப்படி எதுவும் இல்லையே. கொங்கு நாட்டில் நதிமூல வழிபாடே கிடையாதா?"

இருக்கிறது தம்பி. ஆனால் தலைக்காவிரியை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் படாது. இங்கே மூலம் என்பது ஒரு குளத்தில் அடங்குகிற விஷயம் இல்லை. மலை முழுவதும் மூலம். அந்த மூலத்தைச் சுனையில் கும்பிடுகிறோம், கூடுதுறையில் கும்பிடுகிறோம், கடைசியில் குடத்தில் அள்ளித் திரும்ப மலைக்கே சுமந்து போகிறோம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். கொங்குச் சமவெளி மழை மறைவுப் பிரதேசம். கோவைப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 600, 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வருவது. அதே மாவட்டத்தில் மலைமேல் இருக்கும் வால்பாறையில் 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கே பெய்வது தென்மேற்குப் பருவமழை, ஆனி ஆடியில் கொட்டுவது. அந்த மாதங்களில் கீழே நமக்கு வருவது காற்று மட்டும்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. வானத்தில் வெள்ளை மேகம் ஓடும், தூறல்கூட விழாது, காடெல்லாம் காய்ந்து கிடக்கும். அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் ஆற்றில் செந்தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வரும்.

இதை வாழ்நாள் முழுக்கப் பார்க்கிற உழவனுக்கு என்ன தோன்றும்? தன் ஊரில் பெய்யாத மழை தன் ஊர் ஆற்றில் ஓடுகிறது. அனுப்பியது யார்? மேற்கே திரும்பினால் மலை. மேகம் மூடிய மலை. கொங்கு நாட்டில் ஆறு தெய்வமாவதற்கு முன்னால் மலை தெய்வமாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

நொய்யலையே எடுத்துக்கொள்வோம். அது வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறக்கிறது. சரி, எந்த இடத்தில்? பெரியாறு, சின்னாறு என்று பல ஓடைகள் தனித்தனியாக இறங்கி வருகின்றன. ஆலாந்துறைப் பக்கம் தொம்பிலிபாளையம் கூடுதுறையில் அவை சேர்ந்த பிறகுதான் நொய்யல் என்று பெயர். இதில் எதை மூலம் என்று சொல்லி எங்கே கோயில் கட்டுவது? நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னது ரிஷிகளின் பூர்வீகத்தைக் கிளறாமல் இருக்கத்தான் என்றாலும், நொய்யலுக்கு அது அப்படியே பொருந்தும். தேடிப் போனால் ஒரு ஊற்று கிடைக்காது, நூறு கசிவு கிடைக்கும்.

அதனால் மக்கள் மலையையே கும்பிட்டார்கள். வெள்ளியங்கிரிக்குத் தென்கயிலாயம் என்று பெயர். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை ஏறவேண்டும். கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில், பெரிய பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து உண்டான குகைக்குள் சுயம்புலிங்கம் இருக்கிறது. கோபுரம், மண்டபம் எதுவும் கிடையாது. போகிற வழியில் இருக்கும் பெயர்களைக் கவனியுங்கள்: பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை. ஏழு மலை வழியில் மூன்று சுனைகள் பெயர் பெற்று நிற்கின்றன. கைதட்டிச் சுனையில் கை தட்டினால் பாறையிலிருந்து தண்ணீர் வரும் என்பது நம்பிக்கை. வருகிறவர்கள் மூங்கில் தடியைத் தோளில் சாய்த்துவிட்டுத் தட்டிப் பார்க்காமல் நகர மாட்டார்கள். ஆறாம் மலையில் ஆண்டிச் சுனையில் குளித்துவிட்டுத்தான் சாமி மலை ஏறுவது வழக்கம். பங்குனி மாதம்கூட அந்தத் தண்ணீர் உடம்பைச் சில்லிட வைக்கும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. மலையேற அனுமதிப்பது பிப்ரவரியிலிருந்து மே வரை. கீழே நொய்யல் வெறும் மணலும் பாறையுமாகக் கிடக்கும் காலம் அது. ஆறு செத்துக் கிடக்கும்போது ஜனங்கள் சாகாத சுனையைத் தேடி மேலே போகிறார்கள். கையில் ஒரு பாட்டிலில் சுனைத் தண்ணீரைப் பிடித்துவந்து வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். ஏறி இறங்கிய மூங்கில் தடியைப் பூஜை அறையில் சாய்த்து வைப்பதும் உண்டு. நதிமூல யாத்திரை என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து பேரூர். காஞ்சிமாநதி என்று தலபுராணம் சொல்வது நொய்யலைத்தான். பட்டீசுவரர் கோயிலையும் படித்துறையையும் வைத்து மட்டும் தனியாக எழுதலாம். பேரூரின் அதிசயங்கள் என்று சொல்லப்படுபவை பிறவாப்புளி, இறவாப்பனை என்று வரிசையாக உண்டு. அதில் ஒன்று ஆற்றைப் பற்றியது. இந்த ஆற்றில் இட்ட எலும்பு நாளடைவில் வெண்கல்லாக மாறிவிடும் என்பார்கள். ஆடி அமாவாசைக்கு அங்கே திதி கொடுக்கக் கூடும் கூட்டத்தின் பின்னால் இருப்பது இந்த நம்பிக்கை.

அதே மாதத்தில் வருகிறது ஆடிப்பதினெட்டு. கொங்குப் பேச்சில் ஆடி நோம்பி, நோம்பி என்றால் பண்டிகை. அதே படித்துறையில் பெண்கள் ஆற்றுக்குள் இறங்கி ஏழு கூழாங்கல் பொறுக்குவார்கள். கரையில் மணலைத் தட்டிச் சமன்செய்து கல்லை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டிட்டு, பூ வைத்து, காதோலை கருகமணி படைத்து, ஏழு கன்னிமார் என்று கும்பிடுவார்கள். மஞ்சள் சரடு மாற்றிக்கொள்வார்கள். பூஜை முடிந்ததும் படைத்ததை ஆற்றில் விட்டுவிட்டுக் கட்டுச்சோற்றை அவிழ்ப்பார்கள். இங்கே பூசாரி இல்லை, மந்திரம் இல்லை. ஒரே ஆற்றுப்படுகையின் கல் அமாவாசையன்று முன்னோராகவும் பதினெட்டாம் தேதி தெய்வமாகவும் இருக்கிறது. இதை முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. செத்தவர் போய்ச் சேர்வதும் புதுவெள்ளம் வந்து சேர்வதும் ஒரே வழியில்தான் என்று அந்தப் பெண்கள் யாரும் விளக்கிச் சொல்லமாட்டார்கள். ஆனால் செய்வதில் அது இருக்கிறது.

கன்னிமார் சாமி கொங்கில் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றங்கரை, குளக்கரை, கிணற்றுமேடு, மலையோடை. தண்ணீர் புறப்படுகிற இடத்தில்தான் அந்த ஏழு கற்கள் பெரும்பாலும் நடப்பட்டிருக்கும். ஊருக்கு ஊர் நதிமூலக் கோயில் இருக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

பேரூரில் இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆனி மாதம் அங்கே நாற்று நடவுத் திருவிழா. சுந்தரர் வருகிறார் என்று தெரிந்து சிவனும் அம்மனும் உழவராக வேடம் போட்டு வயலில் இறங்கி நாற்று நட்டார்களாம். இருக்கும் இடத்தைச் சொல்லாதே என்று நந்தியிடம் சொல்லியிருந்தும் அது சாடை காட்டிவிட்டது. கோபத்தில் சாமி மண்வெட்டியால் அதன் தாடையில் ஒரு போடு போட்டார் என்பது கதை. மலை உச்சியில் லிங்கமாக இருப்பவர் அந்த மலைத் தண்ணீர் பாயும் வயலில் சேற்றுக்காலோடு நிற்கிறார். தெய்வத்தை இப்படித் தண்ணீரோடு சேர்த்தே கீழே இறக்கிக் கொண்டுவந்த ஊர் அது.

பவானிக்கு வருவோம். பவானி நீலகிரியில் குந்தா மலைப்பக்கம் பிறந்து, மேற்கே அட்டப்பாடிக்குள் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி நம்மிடம் வருகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிற ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. அதில் பவானி நமக்கு நேராக வருகிறது. பாம்பாறு அமராவதியாக வருகிறது. அட்டப்பாடியில் பவானிக்கு மேலே நிற்கும் மல்லீசுவரன் முடியில் சிவராத்திரி அன்று பழங்குடியினர் ஏறி விளக்கேற்றுகிறார்கள். மலையே அங்கே சிவன்.

நீலகிரி உச்சியில் தோடர்களிடம் இது இன்னும் அழுத்தமாக இருக்கிறது. பைக்காரா ஆறும் அவலாஞ்சி ஆறும் அவர்களுக்குத் தெய்வங்கள். ஆற்றில் இருக்கும் தெய்வம் என்றுகூட இல்லை, ஆறே தெய்வம். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அவர்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் ஒரு வழக்கத்தைக் குறித்திருக்கிறார்கள்: அந்த ஆறுகளை நடந்து கடக்கும்போது தோடர்கள் போர்த்தியிருக்கும் புத்துக்குளியிலிருந்து வலது கையை வெளியே எடுத்துவிட்டுக் கடப்பார்கள். மரியாதைக்குச் செய்வது. பைக்காரா மாயாற்றில் சேர்ந்து பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானிக்கு வருகிறது. ஆக, பவானி ஊருக்குள் நுழையும்போதே மேலே இரண்டு தெய்வங்களாக இருந்துவிட்டுத்தான் வருகிறது.

அந்தத் தண்ணீர் பவானிக் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. சம்பந்தர் பாடிய திருநணா இதுதான், சங்கமேசுவரர் கோயில். காவிரி, பவானி இரண்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதாக அமுதநதி என்று ஒன்று பூமிக்கடியில் வந்து கலக்கிறது என்பார்கள். இது பிரயாகையில் சரஸ்வதியைச் சொல்வதைப் பார்த்துச் சொன்னது என்று சுலபமாக முடித்துவிடலாம். பிரயாகையின் சாயல் இருக்கத்தான் செய்கிறது, தென்திரிவேணி என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் கொங்குக்காரனுக்குக் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் புதிதல்ல. பாறை கசிவதையும், வறண்ட ஆற்றில் ஊற்றுப் பறித்தால் தண்ணீர் வருவதையும், கிணற்றில் பக்கவாட்டில் ஊற்றுக்கண் திறப்பதையும் பார்த்தே வளர்கிறான். மூன்றாவது ஆறு அடியில் வருகிறது என்று சொன்னால் அவனுக்கு அதை நம்பப் புராணம் தேவைப்படாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம், கொடுமுடி. தெற்கு நோக்கி வந்த காவிரி இங்கேதான் கிழக்கே திரும்புகிறது. ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் நடந்த பலப்பரீட்சையில் மேருமலை சிதறி, அதன் துண்டுகள் மணிகளாகப் பல ஊர்களில் விழுந்தன. அதில் வைரமாக விழுந்த துண்டுதான் கொடுமுடி மகுடேசுவரர் என்கிறது தலபுராணம். கோயிலோ தட்டையான ஆற்றங்கரையில் இருக்கிறது. பக்கத்தில் மலையே இல்லை. மலை இல்லாத கரையில் ஒரு மலைச்சிகரத்தை லிங்கமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். நதிமூலம் எங்கே என்று கேட்ட தம்பிக்கு இதைத்தான் முதலில் காட்டியிருக்கவேண்டும்: மூலத்தை ஆற்றங்கரைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் கொடுமுடிக்குப் போனால் இதன் மறுபாதியையும் பார்க்கலாம். ஊர் ஊராக ஜனங்கள் வந்து இறங்குவார்கள். காவிரியில் குளித்து, கலசத்தில் தண்ணீர் மொண்டு, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, காவடியில் தொங்கவிட்டு, மகுடேசுவரர் சந்நிதியில் பூஜை போட்டு, தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடப்பார்கள். பங்குனி வெயில், உருகுகிற தார்ச்சாலை. கலசம் தளும்பக்கூடாது, தரையில் வைக்கக்கூடாது. பழனி மலை ஏறி முருகனுக்கு அந்தத் தண்ணீரில் அபிஷேகம். வெயில் காலத்தில் மூர்த்தியைக் குளிர்விக்க என்று காரணம் சொல்வார்கள். பழனிக்குப் பக்கத்திலேயே சண்முகநதி ஓடும்போது காவிரித் தண்ணீரை ஏன் அத்தனை தூரம் சுமக்கவேண்டும்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மலை தண்ணீர் தந்தது. அது ஓடி, வயலுக்குப் பாய்ந்து, ஊரெல்லாம் குடித்து, கடைசியில் காவிரியில் சேர்ந்துவிட்டது. கொங்கு நாட்டு ஆறுகள் எதுவும் கடலைப் பார்ப்பதில்லை. பவானி கூடுதுறையிலும், நொய்யல் கொடுமுடிக்குக் கொஞ்சம் கீழேயும், அமராவதி கரூருக்கு அருகே திருமுக்கூடலூரிலும் காவிரியோடு முடிந்துவிடுகின்றன. காவிரியும் கிழக்கே போய்விடும். அது நம் எல்லையைத் தாண்டும் முன் ஒரு குடம் அள்ளி மலைமேல் இருப்பவருக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். தோடர்கள் வலது கையை வெளியே எடுத்துக் கடந்த தண்ணீரும் அந்தக் குடத்தில் இருக்கும்.

பழனியோடு இது முடியவில்லை. சென்னிமலையில் முருகனின் திருமஞ்சனத்துக்கு அடிவாரத்திலிருந்து பொதிகாளைகள் படி வழியாகத் தண்ணீர் சுமந்து ஏறுகின்றன. எந்தக் கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகமானாலும் முதல் வேலை வண்டி பிடித்துக் கூடுதுறைக்கோ கொடுமுடிக்கோ போய்த் தீர்த்தம் எடுத்துவருவது. ஊர் எல்லையில் மேளத்தோடு எதிர்கொண்டு, பெண்கள் தீர்த்தக்குடமும் முளைப்பாலிகையும் தலையில் ஏந்தி வீதிவலம் வந்து, அதற்குப் பிறகுதான் யாகசாலை. கோபுரக் கலசத்தில் ஊற்றும் தண்ணீர் ஆற்றிலிருந்து மேலே போகிறது.

அமராவதியைப் பற்றிக் கொஞ்சம். சங்கப் பாடல்களில் ஆன்பொருநை, பொருநை என்று வருவது இந்த ஆறு. பேய்மகள் இளவெயினி என்ற பெண்பாற் புலவர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் (11) வஞ்சி நகரத்துப் பெண்கள் மணலில் பாவை செய்து, அதற்குப் பூக்கொய்து சூட்டி, பொருநைத் தண்ணீரில் பாய்ந்து விளையாடுகிறார்கள். கருவூரே வஞ்சி என்று கொண்டால் அது இன்றைய கரூர் ஆற்றங்கரை. ஆடி நோம்பிக்கு மணல் தட்டிக் கல் வைத்துப் பூச்சூட்டுகிற பெண்களை நினைக்காமல் அந்தப் பாட்டைப் படிக்க முடியவில்லை. அது விளையாட்டு, இது வழிபாடு. இரண்டும் ஒன்றே என்று சாதிக்க வரவில்லை. மணலும் பூவும் பெண்களும் ஆறும் இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் அதே கரையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

வைகாசியில் கரூர் மாரியம்மன் நோம்பியில் கம்பம் ஆற்றுக்குப் போவதும் இதே அமராவதிக்குத்தான். முக்கவராக வெட்டிய கிளையைக் கோயிலில் நட்டு, நாள்தோறும் பெண்கள் தண்ணீர் ஊற்றி, கடைசி நாளில் ஊரே திரண்டு தூக்கிவந்து ஆற்றில் விடுவார்கள். அம்மன் ஊருக்குள் இருக்கும் காலத்துக்கு எல்லை ஆறு.

மனிதன் வெட்டிய வாய்க்காலைக்கூட நம் ஆட்கள் தெய்வ மூலம் இல்லாமல் விட்டதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானி ஆற்றில், கூடுதுறைக்குச் சற்று மேலே அணைகட்டி வாய்க்கால் வெட்டினான். வளைந்து வளைந்து போய் நொய்யலில் சேரும் வாய்க்கால். அந்த வளைவுகள் எப்படி வந்தன? ஒரு பாம்பு முன்னால் போய்த் தடம் காட்டியது, அந்தத் தடத்தில் வெட்டினான் என்பது ஊர்க்கதை. நிலத்தின் மட்டம் பார்த்து வெட்டிய பொறியாளன் திறமை அது என்று எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட திறமைக்கு ஊர் கொடுத்த பட்டம் அந்தப் பாம்பு.

கடைசியாக, மனதை உறுத்துவதையும் சொல்லாமல் விடமுடியாது. நொய்யல் திருப்பூரைத் தாண்டியதும் வேறு ஆறாகிப்போனது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே கிணறும் தென்னையும் கெட்டு, உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆற்றின் வடகரையில்தான் கொடுமணல் இருக்கிறது. மணி செய்து, இரும்பு உருக்கி, பெரிய கல்லறைகளில் முன்னோரைப் புதைத்து வாழ்ந்த பழைய ஊர். ஒரே ஆறு மேலே சுனையாகக் கும்பிடப்படுகிறது, நடுவே சாக்கடையாக நடத்தப்படுகிறது. மலையில் இருப்பதுதான் மூலம், கீழே ஓடுவது வெறும் தண்ணீர் என்று நாம் பிரித்துக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. ஏழு கல் பொறுக்குகிற பெண்களிடம் அந்தப் பிரிவு கிடையாது.

தம்பி, நேரில் பார்க்க ஆசையிருந்தால் ஆடிப்பதினெட்டுக்குக் காலையிலேயே பேரூர் படித்துறைக்குப் போங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டத்தில் எதுவும் தெரியாது. பங்குனி உத்திரத்துக்கு முந்தைய நாட்களில் கொடுமுடிக்குப் போய், தீர்த்தம் எடுக்க வருகிறவர்களிடம் எந்த ஊர், எந்தத் தடத்தில் நடக்கிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் காவடி முறை வேறு, தங்கும் தோப்பு வேறு. பெரியவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள், கொஞ்ச தூரம் கூடவே நடந்தால் இன்னும் நிறையச் சொல்வார்கள்.